எடைக்கல் அளக்காத தீங்கு: போதை, சாதி, சட்டம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் மிகப் பலர் தலித்துகள். அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தவர்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இதே முறையில் மாண்டனர். இரண்டு நிகழ்வுகளிலும் கொன்ற பொருள் ஒன்றே: மெத்தனால். இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகும் பொதுவெளியில் எழுந்த கேள்வியும் ஒன்றே: குடித்துச் செத்தவனுக்கு எதற்கு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம்?

அந்தக் கேள்வியை நாம் புறந்தள்ளிவிடக் கூடாது. ஏனெனில், இந்நாட்டின் போதைக் கொள்கை முழுவதும் அதே கேள்வியின் மீதுதான் நிற்கிறது. குடித்தவன் தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்பது அதன் உட்பொருள். போதை பற்றிய அறிவியல் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. அதைத் தெரிந்துகொள்வது மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று. உரிமைக்காகப் போராடும் ஒவ்வொருவருக்கும் அது தேவைப்படுகிறது.

மெத்தனால் கொல்லும் விதம்

நாம் வழக்கமாக 'சாராயம்' என்று சொல்லும் பொருளில் போதை தருவது எத்தனால். மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். இரண்டும் நிறமற்றவை, வாசனையிலும் சுவையிலும் குடிப்பவரால் பிரித்தறிய இயலாதவை. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் அது ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது பார்வை நரம்பு. பிறகு மூளை, இதயம்.

இங்கே கவனிக்க வேண்டியது காலம். மெத்தனால் உள்ளே சென்றவுடன் கொல்வதில்லை. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்று வலியும் பார்வை மங்கலும் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில் நோயாளி மருத்துவமனையை அடைந்தால் காப்பாற்ற வழி உண்டு. ஃபோமிபிசோல் என்னும் மருந்து அந்த நொதியைத் தடுத்து நிறுத்தும். அது கிடைக்காத இடத்தில் மருத்துவக் கண்காணிப்பில் எத்தனாலையே கொடுத்து நொதியை அதில் ஈடுபடுத்தி வைக்கலாம். மெத்தனால் நஞ்சாக மாறுவது தடைபடும். இரத்தத்தில் சேர்ந்துவிட்ட அமிலத்தை டயாலிசிஸ் மூலம் அகற்றலாம்.

ஆக, உயிரைத் தீர்மானிப்பது நேரம். கருணாபுரத்தில் முதல் மரணங்கள் நேர்ந்தபோது, கள்ளச்சாராயம் காரணமல்ல என்றே மாவட்ட நிர்வாகத்தின் தரப்பில் கூறப்பட்டது. 'குடித்தவர்கள் அனைவரும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், யார் மீதும் வழக்கு இல்லை' என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டிய நேரம் அது. காவலருக்கு அஞ்சியும், ஊரார் பேச்சுக்கு அஞ்சியும் வீட்டில் சுருண்டு கிடப்பவரை வெளியே வரவழைப்பது அத்தகைய அறிவிப்புத்தான். பொதுச் சுகாதாரத் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தீங்கு குறைப்பு.

அரசு தந்த விடை வேறு வகையானது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை ஆயுள் சிறை வரை உயர்த்தப்பட்டது. வழக்கு விசாரணை உயர் நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுப் பிரிவுக்கு மாறியது. காய்ச்சியவரும் விற்றவரும் உடந்தையாக இருந்த அதிகாரிகளும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அடுத்த முறை ஒரு சேரியில் மெத்தனால் இறங்கும் இரவில், தண்டனைப் பிரிவு எவர் உயிரையும் காப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்று மருந்து இருக்கிறதா என்பதே அந்த இரவைத் தீர்மானிக்கும்.

வேதிப்பொருள், மனிதர், சூழல்

போதைப்பொருள் ஒன்றின் விளைவை அதன் வேதியியல் மட்டும் முடிவுசெய்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ஜின்பெர்க் 1984-இல் வெளியிட்ட நூலில் மூன்று கூறுகளை வகுத்தார்: பொருள், அதை உட்கொள்ளும் மனிதரின் மனநிலை, உட்கொள்ளப்படும் சமூகச் சூழல். இம்மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

இதற்கு வலுவான சான்று வியட்நாம் போரிலிருந்து வருகிறது. அங்குப் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையானதாகக் கூறினர். அவர்கள் நாடு திரும்பிய பின் லீ ராபின்ஸ் தலைமையிலான ஆய்வுக்குழு அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தது. அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டுக்குள் மீண்டும் அந்நிலைக்குச் சென்றவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. உட்கொண்ட பொருள் அதேதான். போர்க்களம் அகன்றது, சூழல் மாறியது, பெரும்பாலோரிடம் பழக்கமும் அகன்றது.

இந்தியாவில் சூழல் என்னும் சொல்லுக்கு முதற்பொருள் சாதி. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் தொழிலாளி குடித்துவிட்டு இறங்குகிறார் என்று கண்டிப்போர் உள்ளனர். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்று தொழிலாளர்களே பலமுறை சொல்லியிருக்கின்றனர். அங்கே எத்தனால் செய்யும் வேலை மயக்கமருந்தின் வேலை. மனிதரை அக்குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழி மரணத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவை இரண்டும் இருந்தும் மரணங்கள் நின்றபாடில்லை. தொழிலை ஒழிக்காமல் தொழிலாளியின் குடியை மட்டும் ஒழிக்க நினைப்பவர், நோயை விட்டுவிட்டு முனகலை நிறுத்தச் சொல்பவரை ஒத்தவர்.

சட்டம் எதை எடை போடுகிறது?

1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், என்.டி.பி.எஸ். என்று சுருக்கமாக அறியப்படுவது, தீங்கை அளப்பதில்லை, எடையை அளக்கிறது. கஞ்சா என்றால் 1 கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. ஹெராயின் என்றால் 5 கிராம், 250 கிராம். எல்.எஸ்.டி. என்றால் 0.002 கிராம், 0.1 கிராம். வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு.

அந்த எடைக்கல்லும் நடுநிலையானதன்று. ஒரே செடியை எடுத்துக்கொள்வோம். பூவும் காயும் கொண்ட நுனி, சட்டப்படி கஞ்சா, குற்றம். நுனி சேராத இலையும் விதையும் கஞ்சாவின் வரையறைக்கு வெளியே உள்ளன. எனவேதான் வட மாநிலங்கள் சிலவற்றில் இலையிலிருந்து செய்யப்படும் பாங் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அது பிரசாதத் தகுதி பெறுகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாங் உட்கொள்வோர் ஏறத்தாழ 2.2 கோடிப் பேர். கஞ்சாவும் சரசும் உட்கொள்வோர் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். கோயில் வாசல் வரை செல்லும் வடிவம் பண்பாடு. குடிசை வாசலில் புகையும் வடிவம் குற்றம். இலையில் போதைக்கூறு குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாடு அளவில் அமைவது. அதற்கு விலை சிறைவாசமாக இருக்க வேண்டியதில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், 5 கிராம் கிராக் கோக்கைனுக்கும் 500 கிராம் தூள் கோக்கைனுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை, 5 ஆண்டுச் சிறையை, விதித்தது. இரண்டிலும் மூளையில் வேலைசெய்யும் மூலக்கூறு ஒன்றே. கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010-இல் அந்த நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதம் 18-க்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று ஆகவில்லை.

பிரிட்டனின் டேவிட் நட் 2009-இல் அரசின் ஆலோசனைக் குழுத் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். சட்ட வகைப்பாடு அறிவியலோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியதே காரணம். அடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் 'லான்செட்' இதழில் 20 போதைப்பொருள்களை 16 அளவுகோல்களால் மதிப்பிட்டனர். உட்கொள்பவருக்கும் பிறருக்கும் நேரும் தீங்கைச் சேர்த்துப் பார்த்தபோது 100-க்கு 72 பெற்று முதலிடத்தில் நின்றது மது. ஹெராயின் 55, கஞ்சா 20, எல்.எஸ்.டி. 7. இம்மதிப்பெண்கள் ஒரு நாட்டின் வல்லுநர்கள் கூடி அளித்தவை. எங்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது. தீங்கின் வரிசையும் தண்டனையின் வரிசையும் வெவ்வேறு. தமிழ்நாட்டில் முதலிடப் பொருளை 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் விற்கிறது.

2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருளோடு கலந்திருக்கும் மாவோ சர்க்கரையோ எதுவாயினும் முழுக் கலவையின் எடையையே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூலப்பொருளைத் தூய்மையாக வைத்திருக்கும் பெரு வணிகரைவிட, கலப்படம் மிகுந்த தெருப் பொட்டலத்தை வைத்திருப்பவரின் நிலையை இது மோசமாக்குகிறது. எடைக்கல்லில் ஏறுவது போதைப்பொருளை விட மாவுதான்.

வணிக அளவு என்று எழுதப்பட்டுவிட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் உண்டு என நீதிமன்றம் நிறைவடைந்தால்தான் பிணை. 54-ஆம் பிரிவு, கையில் பொருள் இருந்தாலே குற்றத்தை அனுமானிக்க இடமளிக்கிறது. எங்களைப் போன்ற வழக்குரைஞர்கள் இவ்வழக்குகளில் காண்பது பெரும்பாலும் பொருளின் உரிமையாளரை அல்ல. பையைச் சுமக்கக் கூலி பெற்றவரை. அதன் மேல் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டமும், மக்கள் வழக்கில் குண்டர் சட்டமும், வந்து சேரும். ஓராண்டு வரை விசாரணையின்றிச் சிறை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளை ஆராய்ந்தோர் காட்டும் கணக்கு இது: 2018-இல் நாடு முழுவதும் இச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 82,000 பேர் குற்றம்சாட்டப்பட்டனர், அவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் மீதான குற்றம், சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தது. நாட்டின் சிறைகளில் உள்ளோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். மக்கள் தொகையில் நம் பங்கோ, 2011 கணக்கெடுப்பின்படி, 16.6 விழுக்காடு. சிறைக்குள் என்ன நடந்தது என்பதை 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பு உரைத்தது: துப்புரவு வேலை சாதி பார்த்துப் பகிரப்பட்டது, கையேடுகளே அதற்கு வழிசெய்தன. சிகிச்சை பெற வேண்டிய ஓர் இளைஞன் சிறையில் கையில் துடைப்பம் பெறுகிறான்.

தீங்கு குறைப்பு: கைவிடலும் அன்று, ஊக்குவிப்பும் அன்று

இன்றே நிறுத்து, இல்லையேல் சிகிச்சை இல்லை என்று சொல்லாமல், இன்று உயிரோடிரு, நிறுத்த உதவுகிறோம் என்று சொல்வது தீங்கு குறைப்பு. ஊசி வழியே போதை ஏற்றுவோர் ஊசியைப் பகிரும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி சி-யும் பரவுகின்றன. புதிய ஊசி வழங்கினால் அப்பரவல் குறைகிறது. ஹெராயினுக்கு அடிமையானவருக்கு நாக்கின் கீழ் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை வழங்கப்படுகிறது. அது மூளையின் அதே ஏற்பிகளில் பற்றி, பாதியளவே செயல்பட்டு, தவிப்பை அடக்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை என்பதால் மூச்சு நின்று இறக்கும் அபாயம் குறைவு. அளவு மீறி மயங்கியவருக்கு நலாக்சோன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்திலிருந்தே ஊசி வழங்கலையும் மாற்று மருந்தையும் ஏற்றுள்ளது. 2014 திருத்தம், என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே போதை அடிமைத்தனத்தை 'மேலாண்மை' செய்வதற்கு இடமளித்தது. அதாவது, நாம் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. அரசு ஏட்டில் ஏற்றதைச் சேரிக்குள் கொண்டுவரச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் இன்று அதன் தேவை வெளிப்படை. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நகர்ப்புறக் குடிசைப் பகுதி இளைஞரிடையே பரவியுள்ளது. மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் கரைவதில்லை. நரம்பை அடைக்கின்றன, சீழ்க்கட்டியாகின்றன. அந்த இளைஞனைத் தேடிக் காவலர் வருகிறார், செவிலியர் வருவதில்லை.

போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் வேறு வழியில் சென்றது. பத்து நாள் தேவைக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பது அங்குக் குற்றமன்று. அவர் சமூகப் பணியாளரும் சட்டம் அறிந்தோரும் அமர்ந்த குழுவின் முன் செல்கிறார். விற்பனை இன்றும் குற்றமே. ஊசி வழியே எச்.ஐ.வி. தொற்றுவோர் எண்ணிக்கை அங்குப் பெரிதும் வீழ்ந்தது. சட்டத்தை மாற்றியது மட்டும் இதற்குக் காரணமன்று. சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கியதும் காரணம்.

புதிய மருந்துகள் யாருக்கு?

இதே காலத்தில் உலகின் ஆய்வுக்கூடங்களில் வேறொரு உரையாடல் நடக்கிறது. சைலோசைபின், எம்.டி.எம்.ஏ. முதலியவற்றை உளவியல் சிகிச்சையோடு இணைத்துத் தீராத மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோய்க்கும் பயன்படுத்தும் முயற்சி அது. சைலோசைபின் உடலில் மாறி, மூளையின் செரோடோனின் ஏற்பி ஒன்றைத் தூண்டுகிறது. இறுகிப்போன எண்ணத் தடங்கள் சிறிது நேரம் தளர்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களுக்கு இவ்விரண்டையும் பரிந்துரைக்க இடமளித்தது. அமெரிக்க மருந்து நிர்வாகமோ 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. சிகிச்சையை ஏற்க மறுத்தது. யார் மருந்து உட்கொண்டார், யார் போலி மாத்திரை உட்கொண்டார் என்பதை நோயாளியே எளிதில் கண்டுபிடித்துவிடுவதால் முடிவுகளை நம்புவதில் சிக்கல் உண்டு. மனப்பிறழ்வு நோய்க்கு உள்ளாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு இம்மருந்துகள் ஆபத்தானவை. எனவே, இவற்றை அற்புதம் என்று கொண்டாடுவதும் பிழை. பேய் என்று விரட்டுவதும் பிழை.

நாம் கேட்க வேண்டியது, இவை யாரை மனத்தில் கொண்டு ஆராயப்படுகின்றன என்பது. 1993 முதல் 2017 வரை வெளியான இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பங்கேற்ற 282 பேரில் 82 விழுக்காட்டினர் வெள்ளையர். மெக்சிகோவின் மசடெக் பழங்குடி மருத்துவச்சி மரியா சபீனா நடத்திய காளான் சடங்கில் 1955-இல் கலந்துகொண்ட அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன், 1957-இல் 'லைஃப்' இதழில் அதை எழுதினார்; அடுத்த ஆண்டு ஆல்பர்ட் ஹாஃப்மன் அக்காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். அறிவு பழங்குடியினருடையது, மருந்து பிறருடையது. இந்தியாவில் இவை என்.டி.பி.எஸ். அட்டவணையில் உள்ளன. நாளை அனுமதி வந்தால், பெருநகரத் தனியார் மருத்துவமனையில் பணம் படைத்தவருக்கு அது சிகிச்சை. அதே பொருளோடு தெருவில் பிடிபடுபவருக்கு அது பத்தாண்டுச் சிறை. சாதி இழிவால் விளைந்த மனச்சோர்வை எந்த மாத்திரையும் வேரோடு களையாது. இரட்டைக் குவளை அப்படியே இருக்க, குடிப்பவரின் மனத்தை மட்டும் சீர்செய்து பயனில்லை. ஆயினும் சிகிச்சை என்று ஒன்று வருமானால் அதில் நமக்கும் பங்கு வேண்டும்.

பெண்களின் எதிர்ப்பும் சட்டத்தின் வாசல்களும்

தீங்கு குறைப்பை எதிர்ப்போரில் நம் பெண்களும் உள்ளனர். கூலியைக் குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு வாழ்பவர், கடையை மூடு என்கிறார். அக்கோரிக்கையின் நியாயத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். கடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறைப்பதும் தீங்கு குறைப்பின் ஒரு கருவியே. ஆனால் முழு மதுவிலக்கு மட்டும் போதும் என்ற நிலைப்பாட்டைக் கருணாபுரத்தின் பிணங்கள் கேள்விக்குள்ளாக்குகின்றன. தடைசெய்யப்பட்ட சந்தையில் தரக்கட்டுப்பாடு இல்லை. அங்கே முதலில் சாவது மலிவானதை வாங்குபவர். மதுவிலக்குக்கு மேற்கோள் காட்டப்படும் அரசமைப்பின் 47-ஆம் உறுப்பு, ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவதையே அரசின் முதற்கடமையாக முன்வைக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தேவை, கணவனுக்குச் சிகிச்சையும் தனக்குப் பாதுகாப்பும். சிறை சென்ற கணவனின் பிணைக்காக வட்டிக்கு வாங்கும் கடன் அன்று.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. அதன் 18-ஆம் பிரிவு அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. 95-ஆம் பிரிவு நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. பல தனியார் 'மறுவாழ்வு' மையங்கள் அறிய வேண்டிய பிரிவு இது. என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே 64-ஏ பிரிவின்படி, தானாகச் சிகிச்சை தேடும் போதை அடிமைக்கு உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவுக்குமான வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 39-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம். இவற்றைக் கோரி மனுச் செய்வது வழக்குரைஞர் கடமை. மேற்சொன்ன ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்துள்ளது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர்.

எனவே, நம் கோரிக்கைகள் இவை. சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறை விதிக்கும் 27-ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். கலவையின் எடைக்கு மாற்றாகத் தூய போதைப்பொருளின் எடையே கணக்கிடப்படும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். போதை வழக்குகளில் கைதானோரின் சாதிவாரி விவரம் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். சாராய மரணம் நேர்ந்த இடங்களில் குடித்தவர் மீது வழக்கில்லை என்ற உறுதியோடு மருத்துவ எச்சரிக்கை விடும் நடைமுறை எழுத்தில் வகுக்கப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்டத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். அரசு மருத்துவமனைகளில் மெத்தனால் நஞ்சுக்கான மாற்று மருந்து எவ்வளவு இருப்பில் உள்ளது? புப்ரினார்ஃபின் வழங்கும் மையங்கள் எத்தனை, எங்கே? 64-ஏ பிரிவின் பயனைக் கடந்த ஐந்தாண்டுகளில் பெற்றவர் எத்தனை பேர்? விடை வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த வழக்குக்கும் அடுத்த போராட்டத்துக்கும் தேவையான முதல் ஆவணம் அதுவே.